வகுப்பறையில் பால் காய்ச்சியவள்

சுந்தரபாண்டியம் தாண்டிக் கண்மாய்க் கரையோரமாக உள்ளே போனால் ஓடைக்கரைப்பட்டி. அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு ஆனந்தவல்லியைத் தலைவியாகப் போட்டவர் பஞ்சாயத்துப் பிரசிடண்டு தங்கச்சாமி. அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருத்தியைப் பெற்றோர் எல்லாரும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. ஓடைக்கரைப்பட்டியில் பெற்றோர் கூடினார்கள், தங்கச்சாமி தேர்ந்தெடுத்தார். "பேண்டேஜ் கம்பெனிக்குப் போற பிள்ளை. காலையில போனா பொழுது அடையத்தான் வருது. யார்கிட்டயும் நின்னு ஒரு வார்த்தை பேசாது. அதுதான் நமக்குத் தோது" என்று அவர் சொன்னதைத் தலைமையாசிரியர் ஹரிகிருஷ்ணனே பிற்பாடு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் முடிந்து போன பிறகு உண்மை பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

ஆனந்தவல்லி அதிகம் பேசாதவள் என்பது பொய்யில்லை. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்தான். படிப்பில் சோடை போனவள் இல்லை. ஒன்பதாவதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போக வேண்டும். ஓடைக்கரைப்பட்டிக்கு வரும் டவுன் பஸ்ஸோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் கண்மாய்க் கரையில் தலை காட்டும். சாயங்கால பஸ் வந்தால் உண்டு. "ஒரு வருசம் மில்லுக்குப் போத்தா. பஸ் நேரத்தை மாத்தப் போறாகளாம். பொறவு படிக்கலாம்" என்றார் அவள் அப்பா. அவள் ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போனாள், வேல்பாண்டிக்கு வாக்கப்பட்டாள், காளீஸ்வரியைப் பெற்றாள், மில்லை விட்டுப் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். பஸ் நேரம் மட்டும் மாறவில்லை. எத்தனை தேர்தல் வந்தது, எத்தனை பேர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்தக் கண்மாய்க் கரையில் நின்று கும்பிட்டார்கள். ஒரு பஸ்ஸை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவர வக்கில்லாதவர்கள் நாட்டை முன்னால் கொண்டுபோகப் போவதாகத்தான் எல்லா மேடையிலும் பேசினார்கள்.

பஸ் நேரம் ஏன் மாறவில்லை என்பது அந்த ஊரில் ரகசியம் ஒன்றுமில்லை. தங்கச்சாமியிடம் வேன்கள் இருந்தன. விடிந்ததும் அவை ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் மில்களுக்கும் கம்பெனிகளுக்கும் கொண்டுபோய் விடும். எட்டாவதோடு நின்ற ஒவ்வொரு பிள்ளையும் அவருக்கு ஒரு சீட்டு. அந்த வேன்களின் முன்கண்ணாடியில் அவர் கைகூப்பி நிற்கும் படம் இருக்கும், படத்துக்குக் கீழே 'கல்விக் காவலர்' என்று போட்டிருக்கும். பட்டம் கொடுத்தது ஹரிகிருஷ்ணன், ஆண்டு விழாவில் பொன்னாடையோடு சேர்த்து. கல்விக் காவலர் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் வேலைக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தியாவது அந்த எழுத்தைப் படித்துச் சிரித்திருப்பாள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கட்டடம் எப்போது விழுமோ என்று நின்றது. அதை இடித்துவிட்டுப் புதிதாக நாலு வகுப்பறை கட்ட உத்தரவு வந்தது. கட்டும் வேலை தங்கச்சாமியின் மச்சான் ஜெயபாண்டிக்குப் போனது. வேறு யாருக்குப் போகும். ஜெயபாண்டி கட்டட வேலையைக் கற்றுக்கொண்டதெல்லாம் அக்காளைப் பிரசிடண்டுக்குக் கட்டிக் கொடுத்த பிறகுதான். ஆனாலும் வேலை படபடவென்று நடந்தது. ரோஸ் வண்ணம் பூசி, ஜன்னலுக்கு நீலம் அடித்து, பார்ப்பதற்குப் புது மணப்பெண் மாதிரி நின்றது கட்டடம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அப்புறம் ஜெயபாண்டி அதைப் பூட்டினான், சாவி தங்கச்சாமி வீட்டு ஆணியில் தொங்கியது.

திறப்பு விழாவுக்குக் கட்சியின் பெரிய தலைவர் வர வேண்டும். அவர் ஆடியில் வருவதாக இருந்தது. ஆடி ஆகாது என்று ஆவணிக்குத் தள்ளினார்கள். ஆவணியில் அவருக்குக் கல்யாணங்கள் இருந்தன. அப்புறம் கல்வெட்டில் தகராறு வந்தது. கட்சியில் தங்கச்சாமிக்கு ஆகாத இன்னொருவரின் பெயரைச் சின்ன எழுத்தில் செதுக்கிவிட்டார்கள் என்று அந்த ஆள் ஆட்களோடு வந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார். புதுக் கல் வந்தது. அதில் தன் பெயர் கீழே இறங்கிப் போனதென்று தங்கச்சாமி பெயர்த்தெடுத்தார். கல்வெட்டு இப்படி மாறி மாறி வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் மட்டும் வந்தபாடில்லை. அதைப் பற்றி யாருக்கும் தகராறும் இல்லை.

பழைய கட்டடத்தை இடித்தாயிற்று, புதியது பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். சமுதாயக் கூடம் என்றால் ஊரில் நல்லது கெட்டதெல்லாம் நடக்கிற இடம். முகூர்த்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது. "எம்மா, இன்னைக்கு ஸ்கூல் இல்ல, பாலகணேஷ் அண்ணனுக்கு நிச்சயம்" என்று காளீஸ்வரி காலையிலேயே பையை இறக்கி வைப்பாள். முதல் நாள் விசேஷ வீட்டார் கரும்பலகையில் 'மொய் எழுதுமிடம்' என்று பெரிதாக எழுதிவிட்டுப் போவார்கள். மறுநாள் பானுப்பிரியா டீச்சர் அதை அழித்துவிட்டு அதே பலகையில் பின்னக் கணக்குப் போடுவாள். பானுப்பிரியா தமிழ் டீச்சர். கணக்கும் அவள்தான், அறிவியலும் அவள்தான். பிள்ளைகளின் புத்தகங்களில் ரசவாடை அடித்தது.

இதெல்லாம் ஆனந்தவல்லிக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் சும்மாதான் இருந்தாள். அவளைப் பேச வைத்தது மார்கழியில் நடந்த குழுக் கூட்டம். காளீஸ்வரி அப்போது எட்டாவது. அன்றைக்கு ஹரிகிருஷ்ணன் ஒரு நல்ல செய்தி சொன்னார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியைப் பத்தாவது வரை உயர்த்தப் போகிறார்கள், ஓடைக்கரைப்பட்டியும் அந்தப் பேச்சில் இருக்கிறது, மாசியில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், புதுக் கட்டடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தால் இங்கே கிடைக்கும், இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார் மனிதர்.

ஆனந்தவல்லி மனதுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளூரிலேயே ஒன்பதாவது என்றால் காளீஸ்வரி படிப்பாள். பஸ்ஸும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். இல்லையென்றால் தன் கதைதான் மகளுக்கும். தங்கச்சாமியின் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்.

"கட்டடத்தை எப்ப சார் தொறப்பீக?" என்று கேட்டாள். அந்தக் குழுவில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஹரிகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சாமியைப் பார்த்தார்.

"பெரியவுக வரணும்லா தாயி" என்றார் தங்கச்சாமி.

"எப்ப வருவாக?"

"வரும்போது வருவாக. கல்யாணப் பொண்ணு மாதிரி அவசரப்பட்டா முடியுமா?"

"மாசிக்குள்ள வராட்டி ஸ்கூல் போயிரும்ங்காகளே சார்."

"போனா இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன். நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எதற்கு இருக்கிறார் என்பதைத்தான் ஊரும் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் நடையாய் நடந்தாள். ஹரிகிருஷ்ணனிடம் போனால் "மேலிடத்துல சொல்லணும்மா" என்பார். மேலிடம் யார் என்று கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்ப்பார். தங்கச்சாமி வீட்டுக்குப் போனால் குளிக்கிறார், சாப்பிடுகிறார், போனில் இருக்கிறார். வேல்பாண்டி குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைக்கிறவன், வம்பு தும்புக்குப் போகாதவன். "ஏட்டி, நமக்கு எதுக்கு இந்த வேலை? தண்ணி பாய்ச்சவும் அந்த ஆளுகிட்டதான் போய் நிக்கணும்" என்றான். "உம்ம மக தண்ணி பாய்ச்சப் போறாளா, படிக்கப் போறாளா?" என்று கேட்டாள் அவள்.

தை பிறந்தது. ஒருநாள் சாயங்காலம் வேனில் திரும்பி வரும்போது கம்பெனிக்காரி ஒருத்தி தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீடு பாதிதான் முடிந்ததாம், பூச்சு வேலைகூட ஆகவில்லையாம், வாடகை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டானாம். "விசேசம் என்னத்த வச்சோம்? ஒரு நல்ல நாளாப் பாத்துப் பாலைக் காய்ச்சிட்டு உள்ள போயிட்டோம். பால் காய்ச்சிட்டா குடி போனமாதிரிதான. பொறவு யாரு வந்து எந்திரின்னு சொல்ல முடியும்?" என்றாள். ஆனந்தவல்லி திரும்பி அவளைப் பார்த்தாள். மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தங்கச்சாமி வீட்டுக்குப் போனாள்.

தங்கச்சாமி ஏதோ கட்சி வேலையாகச் சென்னைக்குப் போயிருந்த வாரம் அது. அவர் பெண்சாதி மாரியாத்தாள் வாசலில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, சொல்றனேன்னு தப்பா எடுத்துக்கிடாதீக. புதுக் கட்டடத்தைப் பால் காய்ச்சாமப் பூட்டியே போட்டிருக்காக. ஆடி போச்சு, மார்கழியும் போச்சு. இப்படிக் கெடந்தா கட்டுனவுகளுக்கு ஆகாதும்பாக."

மாரியாத்தாளின் கை நின்றுவிட்டது. கட்டினவன் அவள் கூடப் பிறந்த தம்பி, கட்ட வைத்தவர் புருஷன். போன மாதம்தான் அவர் வண்டியிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்.

"நானும் அதத்தான் சொல்றேன். யாரு கேக்கா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நல்லாருக்கு. நம்ம பொம்பளைகளாச் சேந்து பாலை மட்டும் காய்ச்சிருவோம் மதினி. பெரியவுக வரும்போது ரிப்பன் வெட்டிக்கிடட்டும்."

மாரியாத்தாள் எழுந்து உள்ளே போய் ஆணியிலிருந்த சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய தலைவரின் தேதிக்காக மாதக்கணக்கில் தொங்கிக் கிடந்த சாவி, புருஷன் முட்டிக்காக ஒரு நொடியில் இறங்கி வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர்ப் பெண்கள் குளித்து முழுகி வந்துவிட்டார்கள். வாசலில் கோலம் போட்டு மாவிலை கட்டினார்கள். பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள், பானுப்பிரியா முன்னால் வந்தாள். ஹரிகிருஷ்ணன் அன்றைக்கு வயிற்றுவலி என்று விடுப்புச் சொல்லியிருந்தார். நடந்தது நல்லதாக முடிந்திருந்தால் சாயங்காலமே வயிற்றுவலி சரியாகியிருக்கும். ஒருத்தி கேஸ் அடுப்புக் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். பெரிய பொம்பளைகள் கேட்கவில்லை. சாஸ்திரத்துக்கு அடுப்புக் கூட்டித்தான் காய்ச்ச வேண்டும் என்று எட்டாம் வகுப்பு அறையின் நடுவே செங்கல் மூன்றை வைத்து, விறகை அடுக்கி, மஞ்சள் தடவிய புதுப் பானையை ஏற்றினார்கள். ஆனந்தவல்லிதான் தீ வைத்தாள். வேறு வீட்டில் எத்தனையோ தடவை குலவையிட்டிருக்கிறாள். இது அப்படியில்லை. மகள் பத்தாவது வரை படிக்கப் போகிற வீட்டுக்கு அல்லவா பால் காய்ச்சுகிறாள்.

பால் பொங்கி வருகிற நேரம். பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள். பட்டென்று ஒரு சத்தம், வெடி போட்டது போல. ஒரு செங்கல் தரைக்குள் இறங்கியது, பானை சாய்ந்தது. பால் தரையில் ஓடவில்லை. விரிசலுக்குள் இறங்கி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. நெருப்பை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் பார்த்தால், அடுப்பு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை பாளம் பாளமாகப் பெயர்ந்து நின்றது. காளீஸ்வரி குனிந்து ஒரு பாளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தோசையைத் திருப்புவது போலத் திருப்பிப் போட்டாள். தடிமனும் தோசை அளவுதான். கீழே கல்லில்லை, ஜல்லியில்லை. கண்மாய் மண், அள்ளிக் கொட்டின வாகிலேயே கிடந்தது.

"எம்மா, இது நம்ம கம்மாய் மண்ணுல்ல?" என்றாள் காளீஸ்வரி.

நடுவயதுக்காரி ஒருத்தி சுவரோரமாகப் போய்க் காலால் தட்டிப் பார்த்தாள். தட்டின இடமெல்லாம் பொத் பொத்தென்றது. மாரியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கேசரி கிண்டிக் கொண்டு வந்திருந்தார்கள், அதை ஆளுக்குக் கொஞ்சம் இலையில் வாங்கிக்கொண்டு பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி சமுதாயக் கூடத்துக்கே போனார்கள்.

தங்கச்சாமி மறுநாள் வந்தார். நொண்டிக்கொண்டே வந்து குழியைப் பார்த்தார். செத்த நேரம் அவர் முகம் செத்துத்தான் போயிருந்தது. பின்னால் ஜெயபாண்டி நின்றான். ஊர் கூடி நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து 'இது என்ன மண்ணு?' என்று கேட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். யாரும் கேட்கவில்லை. தங்கச்சாமியின் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. மனிதர் நிமிர்ந்தார்.

"அரசாங்கக் கட்டடத்துக்குள்ள யாரு தீ வச்சது?" என்றார்.

"நான்தான். தீ வைக்கல, பால் காய்ச்சுனேன்" என்றாள் ஆனந்தவல்லி.

"பாலோ மோரோ, தீ தீதான."

"ஒரு பானைப் பாலுக்குத் தாங்காத தரை அம்புட்டுப் பிள்ளைகளை எப்படித் தாங்கும்? கீழ கெடக்கது மண்ணுதான, நீங்களே பாருங்க."

"சூட்டுல சிமெண்டு மண்ணாப் போயிருக்கும்" என்றான் ஜெயபாண்டி. அதைக் கேட்டும் ஒருத்தர் சிரிக்கவில்லை. சிமெண்டு சுட்டால் கண்மாய் மண் ஆகும் என்பதை ஓடைக்கரைப்பட்டி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டது.

அடுத்த வாரம் பொறியாளர் ஒருவர் வந்தார். காரிலிருந்து இறங்கிக் கதவு நிலையில் நின்று பார்த்தார். குனியவில்லை. குனிந்தால் மண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் கேட்க வேண்டியிருக்கும். தங்கச்சாமி வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, தீயினால் ஏற்பட்ட சேதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம்தான் அந்தத் தீயின் மகிமை தெரிந்தது. மூடாத ஜன்னல், தீயினால். மழைக்கு ஒழுகுகிற மேற்கூரை, தீயினால். கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டியே வைக்கவில்லை, அதுவும் அந்தத் தீயில்தான் போயிருக்க வேண்டும். ஒரு பானைப் பாலுக்கு வைத்த நெருப்பு ஜெயபாண்டி திருடியதையெல்லாம் சுத்தமாக எரித்துவிட்டது. 'பள்ளிக்குள் தீ மூட்டிய பெற்றோர்' என்று பேப்பரில் பெட்டிச் செய்தி வந்தது. பழுது பார்க்கும் வேலையும் ஜெயபாண்டிக்கே கிடைத்தது. தங்கச்சாமி போலீசுக்குப் போகாமல் பெருந்தன்மையாக நடந்துகொண்டார், ஆனந்தவல்லியைக் குழுவிலிருந்து நீக்கியதோடு விட்டார்.

சேர்ந்து அடுப்புக் கூட்டிய பெண்களெல்லாம் "நாங்க வேடிக்கை பாக்கத்தான் போனோம்" என்றார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தங்கச்சாமி திருடன் என்பது தெரிந்த விஷயம். கேசரியை வழித்துத் தின்ற வாய்கள் இப்படிப் பேசியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் நேரே ஹரிகிருஷ்ணனிடம் போனாள்.

"சார், நீங்க அந்த மண்ணைப் பாத்தீகள்ல?"

"பாத்தேன்மா."

"ஆபீசர்கிட்டச் சொல்லலாம்ல?"

"எனக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்குதும்மா. பென்சன் ஒழுங்கா வரணும்ல."

"எம்மகளுக்கு இனிமேதான் சார் எல்லாம் ஆரம்பிக்கணும்" என்றாள். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

மாசியில் அதிகாரிகள் வந்தார்கள். கட்டடத்தில் பழுது வேலை நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்துப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகள் நின்று பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளி வேறு ஊருக்குப் போனது. ஓடைக்கரைப்பட்டிக்கு அது நடந்து போகிற தூரமில்லை, பஸ்ஸும் இல்லை.

சித்திரையில் பெரிய தலைவர் வந்தேவிட்டார். கல்வெட்டில் எல்லாருடைய பெயரும் ஒரே அளவில் இருந்தது, அந்தக் கட்டடத்தில் அளவு சரியாக இருந்தது அது ஒன்றுதான். கூட்டம் காட்ட வேண்டுமே என்று தங்கச்சாமி மில்லில் சொல்லிப் பிள்ளைகளை வேன் வேனாக அழைத்து வந்து நாற்காலிகளில் நிரப்பினார். எட்டாவதோடு படிப்பை விட்ட பெண்பிள்ளைகள், தலையில் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்து, பெண்கல்வியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச்சுக் கேட்டார்கள். எங்கெங்கே கை தட்ட வேண்டும் என்று ஜெயபாண்டி ஓரமாக நின்று சைகை காட்டினான். காளீஸ்வரிதான் கத்திரிக்கோல் வைத்த தாம்பாளத்தை ஏந்தி நின்றாள். பெரிய தலைவர் ரிப்பனை வெட்டினார், நிலைப்படி தாண்டவில்லை, அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எட்டாம் வகுப்பு அறையின் நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அதை மிதித்துவிடாமல் எல்லாரும் சுற்றிச் சுற்றியே நடந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தங்கச்சாமி ஆனந்தவல்லியைக் கண்டு நின்றார். கழுத்தில் மாலை வாடிக் கிடந்தது. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி ஆனந்தவல்லி, உம்மகளும் எட்டு முடிச்சிருச்சுல்ல? வேனை ஒங்க வீட்டு வாசல்லயே நிப்பாட்டச் சொல்லுதேன். முன்சீட்டே குடுக்கச் சொல்றேன். நடந்ததையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிடல."

ஆனந்தவல்லி அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆளிடமா இத்தனை நாள் ஒரு சாவிக்காக வாசலில் நின்றோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அந்தச் சீட்டுல ஒங்க மச்சானை ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க. எங்கயாவது போய் ஒரு வேலை கத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் அந்த வேனில் ஏறவில்லை. வேல்பாண்டி அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் இருந்தான். வம்பு வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள். "வில்லிபுத்தூர்ல ஒரு ரூம் பாருட்டி. நீயும் பிள்ளையும் அங்க இருங்க. நான் பயிரைப் பாத்துக்கிட்டு வந்து போய் இருந்துக்கிடுதேன்" என்றான். பஸ் ஊருக்கு வராது என்றால் ஊரை விட்டுப் போவதுதான் வழி. பஸ் நேரத்தை மாற்ற வேண்டியவர்கள் ஒருவரும் மாறவில்லை, ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை கிடைத்தது. ஆனந்தவல்லி அங்கிருந்து ராஜபாளையம் பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போய்க்கொள்ளலாம். குடி வந்த அன்றைக்கு ஸ்டவ்வைத் தரையில் வைக்கப் போனாள். "எம்மா, இரு" என்று காளீஸ்வரி அவளை நிறுத்தினாள். அறையின் நாலு மூலையையும் நடுவையும் குதிகாலால் ஓங்கி ஓங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வை" என்றாள். வேல்பாண்டி சிரித்தான். ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. காளீஸ்வரியோடு எட்டாவது முடித்த மற்றப் பெண்பிள்ளைகள் அந்த வாரம் தங்கச்சாமியின் வேனில் ஏறியிருந்தார்கள். ஊரில் எல்லாராலும் வீடு மாற்றிக்கொண்டு போக முடியாது. பால் பொங்கியது. அவள் மெதுவாகக் குலவையிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்பு டீச்சர் புதிதாக வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஓடைக்கரைப்பட்டி டீச்சர்."

"ஓடைக்கரைப்பட்டியா? பேப்பர்ல வந்துச்சே, ஸ்கூலுக்குள்ள தீ வச்சுத் தரையைப் பேத்துப் போட்டாங்கன்னு, அந்த ஊரா?"

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. காளீஸ்வரி தலையைக் குனியவில்லை.

"ஆமா டீச்சர். எங்கம்மாதான். தீ வைக்கல, பால் காய்ச்சுனாக" என்றாள்.

டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். காளீஸ்வரி உட்காருவதற்கு இடம் பார்த்தாள். ஜன்னலோரம் பெஞ்சு போடாமல் ஒரு பக்கம் வெறுமனே விட்டிருந்தார்கள். அங்கே தரை ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பெயர்ந்து, உள்ளே மண் தெரிந்தது. அந்த அறையில் யாரும் பால் காய்ச்சியிருக்கவில்லை.